பொக்காளி வயலுக்குத் திரும்பாத பள்ளிப் பேருந்து



கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி, பள்ளுருத்தி வழியாகத் தெற்கே போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கும்பளங்கி. அதையடுத்துச் செல்லானம். ஓதத்தோடு உப்புநீர் ஏறியிறங்கும் இந்தத் தாழ்நிலங்களின் பயிர் பொக்காளி நெல். 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. உயர்நிலைப் பள்ளிகளின் ‘கல்விச் சுற்றுலா’ப் பேருந்துகளோ பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. மைசூர், ஊட்டி, நீர் விளையாட்டுப் பூங்கா என்று போய்விடுகின்றன. இதில் கல்வி எங்கே என்று கேட்க ஆளில்லை.

கோடையில் வயலின் நீரை வடித்து, மண்ணைச் சிறு சிறு கூம்புகளாகக் குவித்து வைப்பார்கள். ஜூன் மழை அந்தக் குவியல்களின் உப்பைக் கழுவி இறக்கும். முளைகட்டிய விதை அவற்றின் மேல் விழும். நாற்று வளர்ந்ததும் குவியலை வெட்டி, வேரோடு மண்ணோடு வயலெங்கும் பரப்புவார்கள். ஆளுயரம் வளரும் பயிரில், அக்டோபர் வாக்கில், இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுப்பார்கள். நீரில் விடப்பட்ட தாள் அழுகி, நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயலில் வளரும் இறாலுக்கு இரையாகிறது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். ரசாயன உரமோ பூச்சிமருந்தோ தேவைப்படுவதில்லை. உப்பைத் தாங்கும் ‘சால்டால்’ மரபணுப் பகுதியை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டதும் இந்த நெல்லில்தான். உணவுச் சங்கிலி, மரபியல், மண்ணியல் என்று பாடநூல் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருப்பவை இங்கே ஒரே வரப்பில் கிடக்கின்றன.

பள்ளி திறப்பதும் விதைப்பதும் ஒரே மாதம் என்பது கேரளத்து மாணவர்களின் அதிர்ஷ்டம். ஆனால் சுற்றுலாக்கள் பெரும்பாலும் கிளம்புவது நவம்பருக்குப் பின், கதிரெல்லாம் அறுத்து முடிந்த பிறகு. இதற்கிடையே, ஆண்டு முழுவதும் இறால் வளர்த்தால் வருமானம் கூடும் என்பதாலும், கதிரறுக்க ஆள் கிடைக்காததாலும் நெல்லைக் கைவிட்ட விவசாயிகள் பலர். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்க வேண்டிய வயல் சுருங்குகிறது.

வயல் மட்டுமல்ல, வேம்பநாட்டு ஏரிநீருக்கு அக்கரையில், எர்ணாகுளம் உயர் நீதிமன்றத்தின் பின்புறம், 2004-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மங்களவனமும் இருக்கிறது. மூன்று ஹெக்டேருக்கும் குறைவான அலையாத்திக் காடு. அதைப் பார்த்துவர ஒரு காலைப்பொழுது போதும்.

2022 அக்டோபரில் ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து வடக்கஞ்சேரி அருகே இரவில் விபத்துக்குள்ளாகி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த கெடுபிடிகள் நியாயமானவை. தொலைதூர இரவுப் பயணத்துக்கு அவை வேண்டும்தான். பகலில் போய் மதியத்துக்குள் திரும்பும் வயல் பயணத்துக்கும் அதே அளவுகோல் எதற்கு?

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991-இல். அந்தப் பாடத்தை வயலுக்குக் கொண்டுபோகக் கல்வித் துறை செய்ய வேண்டியது அதிகமில்லை: வயல் பயணத்தைச் சுற்றுலாக் கணக்கிலிருந்து எடுத்து வகுப்பு நாளாகச் சேர்ப்பது, விதைப்புக்கு ஒன்றும் அறுவடைக்கு ஒன்றுமாக இரு நாள்களைப் பள்ளி நாட்காட்டியில் குறிப்பது, பேருந்துச் செலவை மாணவர் தலையில் கட்டாமல் தானே ஏற்பது.

– ஒரு வாசகர், மட்டாஞ்சேரி, கொச்சி