போன் யார் கையில்?

"யூடியூபில் பாடம் தேடிப் படிப்பது பையன்கள்தான், பெண் பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை" என்ற வாதத்தை ஏற்க முடியாது. நாட்டத்தை அளக்குமுன் போன் யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். 2023 ஏசர் (ASER) கிராமப்புறக் கல்வி ஆய்வில், ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்த 14–18 வயதினரில் அதைச் சொந்தமாக வைத்திருந்த ஆண்கள் 43.7 விழுக்காடு, பெண்கள் 19.8.

போடிப் பக்கம் வந்து பாருங்கள். காலையிலேயே தாய்மார் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். சோறாக்குவதும் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புவதும் மூத்த மகள் தலையில். வீட்டில் இருப்பது ஒரே போன் என்றால் அது அப்பாவிடமோ அண்ணனிடமோதான் இருக்கும். இரவில் அவள் கைக்கு வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். கிடைக்கும் அரை மணியிலும் "யாரோட சாட்டிங்?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். அண்ணனை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் வாய் திறக்காததற்கும், தன் எண் கண்டவர் கைக்குப் போய்விடுமோ என்ற பயமே காரணம். தோழியிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறாள். அதுவும் படிப்புதான், உங்கள் கணக்கில் வராது.

அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. பள்ளி நேரத்திலேயே அதை அவளுக்குத் திறந்துவிடுங்கள். பிறகு எண்ணுங்கள், யார் தேடிப் படிக்கிறார்கள் என்று.