யாரை வெளியே அனுப்புவது?

'பல்துறைக் கூட்டாய்வு என்பது நிதி வாங்கும் தந்திரம். அவரவர் துறையில் ஆழமாகத் தோண்டினால் போதும்' என்கிறார் ஒரு கட்டுரையாளர். தந்திரக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வங்கதேசத்தின் மத்லப் கிராமங்களில் நடந்ததை அவர் எந்தத் துறைக்குள் அடைப்பார்?

காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளில் ஒட்டியிருக்கும் என்று காட்டியவர்கள் ரீட்டா கால்வெல் போன்ற நுண்ணுயிரியலாளர்கள். அந்த உயிரிகளை வடிகட்டப் பல மடிப்பாக மடித்த பருத்திப் புடவையே போதும். அதுவும் பழம்புடவை, துவைத்து நைந்த நூல் பிரிந்து இடைவெளிகளை அடைப்பதால் புதுத்துணியைவிட அது நன்றாக வடிகட்டும். மத்லபின் 65 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். 2003இல் வெளியான முடிவின்படி, புடவையால் வடிகட்டியவர்களிடம் காலரா 48 சதவீதம் குறைந்தது.

வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு இதைப் பழக்கியவர்கள் இல்லாவிட்டால், நுண்ணோக்கி கண்டது ஆய்விதழோடு நின்றிருக்கும். நுண்ணோக்கி இல்லாவிட்டால், எதை வடிகட்டச் சொல்வது? கட்டுரையாளரே சொல்லட்டும், இவர்களில் யார் வெறும் நிதிக்காக வந்தவர்?