தெரு தந்த தோழமை

திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைச் சாலைகள் கூடும் நம் செம்பட்டியில் வந்து போவோர் பலர். ஆயினும், நம் இளமையை அறிந்தோர் நம் தெருவில் உடன் ஆடியவரே. அவர்களை நினைத்தல் வெறும் ஏக்கமன்று. அந்நினைவு நமக்கொரு கடமையையும் உணர்த்துகின்றது.

இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் வளர்ந்த அப்துல் கலாம், 1999ஆம் ஆண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன் என்னும் இளமைத் தோழர் மூவரை மறவாது குறித்துள்ளார். மூவரும் வைதிகக் குடும்பத்தினர். ஐந்தாம் வகுப்பில், தலைமை அர்ச்சகரின் மகனான இராமநாதனருகே தொப்பியணிந்த கலாம் அமர்ந்திருந்ததைப் பொறாத புதிய ஆசிரியர் ஒருவர், அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினார். இராமநாதன் அழுதான். செய்தியறிந்த அவன் தந்தை இலட்சுமண சாஸ்திரியார் ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார்.

பெரியோர்களே! நட்புக் கொள்ளுதல் பிள்ளைகளின் இயல்பு. அதற்கு ஊறு நேராமல் காத்தல் நம் கடன். காலையில் வெவ்வேறு பள்ளிப் பேருந்துகளில் ஏறிப் பிரியும் நம் சிறார்க்கு, மாலையில் தெருவேனும் பொதுவாக இருக்கட்டும். நாம் பெற்ற தோழமையை அவர்களும் பெறச் செய்வதன்றோ நினைவின் பயன்!