மாமாவின் கணுக்கால்

போன மாசம் என் பெரிய மாமா தவறிட்டார். அம்மாவோட அண்ணன். மதுரை விளக்குத்தூண் பக்கம் மூணு ஜவுளிக்கடைகளில், 1978-ல இருந்து 2019 வரைக்கும், சேல்ஸ்மேன்.

கொஞ்சம் நீளமான பதிவுதான். ஜவுளிக்கடைக்குப் போறவங்க படிச்சுடுங்க. அதாவது எல்லாரும்.

துணியோட ஓரத்தை விரலிடுக்கில் ஒரு தடவை தேய்ப்பார். சுத்தக் காட்டனா, பாலியஸ்டர் கலந்ததான்னு சொல்லிடுவார். எங்க வீட்டில் மேட்சிங் பிட்டுக்காக யாரும் கடை கடையா அலைஞ்சதே இல்லை. காலையில் சேலையை ஒரு பார்வை பார்த்துட்டுப் போவார், ராத்திரி அதே கலரில் ரவிக்கைத் துணி வந்துடும். நான் மெடிக்கல் காலேஜ் சேர்ந்தப்போ வெள்ளைக் கோட்டுக்குத் துணி எடுத்துத் தந்ததும் அவர்தான். "துவைக்கத் துவைக்கப் பழுப்பேறாது மாப்ள, நம்பித் தைச்சுக்க."

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடையில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரிச்சிருப்பாங்களாம். வாங்க வந்தவங்களும் உட்காருவாங்க, விக்கிறவரும் உட்கார்ந்துதான் சேலையைப் பிரிச்சுப் போடுவார். அப்புறம் கடைகள் மாடி மாடியா வளர்ந்துச்சு, கவுண்டர் வந்துச்சு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நமக்கு ஸ்டூல். அந்தப் பக்கம் அவருக்கு ஒண்ணும் இல்லை. ஆளே வராத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது. தீபாவளி சீசன்னா காலை 9 மணிக்கு நின்னவர் ராத்திரி 11 வரைக்கும் நிப்பார்.

இப்போ டாக்டரா கொஞ்சம் பேசறேன்.

காலுக்கு இறங்கின ரத்தம் மேலே ஏறணும்னா கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடந்தா அது வேலை செய்யும். அசையாம நின்னா செய்யாது. ரத்தம் கீழேயே தேங்கும், வருஷக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி ரத்தநாளத்துக்குள்ள இருக்கிற வால்வுகள் பழுதாகும். நரம்பு சுருட்டிக்கிச்சுன்னு நாம சொல்றது இதைத்தான், உண்மையில் அது நரம்பு இல்லை, சிரை. சாயங்காலம் கால் கனக்கும், வீங்கும். அப்புறம் கணுக்காலுக்கு உள்பக்கம் தோல் கறுக்கும், அரிக்கும். கடைசியில் ஆறாத புண்.

சர்ஜரி ஓ.பி.யில் இப்படிப் புண்ணோட வர்ற எல்லார்கிட்டயும் "நின்னுக்கிட்டே செய்யற வேலையா?"ன்னு கேட்பேன். மாமாகிட்ட ஒரு நாளும் கேட்டதில்லை. வேட்டி மறைச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம். ஆனா நான் பார்க்கலைங்கிறதுதான் நிஜம்.

ஒரு கல்யாண வீட்டில் அவர் வேட்டிக் கரையில் மஞ்சளா ஒரு கறை. சாம்பார்னு நினைச்சேன். தனியா கூட்டிட்டுப் போய்ப் பார்த்தா, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். ரெண்டு வருஷமா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டு மறைச்சிருக்கார். "சீசன் முடிஞ்சா ஆறிடும் மாப்ள."

அழுத்தக் கட்டு போட்டோம், காலை உயர்த்தி வைக்கச் சொன்னோம், பிறகு லேசர். ஆறுச்சு. மறுபடி கடைக்குப் போனார். மறுபடி வந்துச்சு.

(கால் கறுத்து அரிச்சா புண் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அழுத்தக் காலுறையை நீங்களா வாங்கி மாட்டாதீங்க. காலுக்குப் போற ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் போடணும்.)

கேரளாவில் 2018-லயே ஊழியர்கள் உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்துச்சு, கோழிக்கோடு மிட்டாய்த் தெரு கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடி வாங்கினது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவங்க உட்காரலாம். மாமா வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு.

ஊழியர் உட்கார்ந்திருந்தா கஸ்டமருக்கு மரியாதைக் குறைவாம். எனக்கு இது புரியவே இல்லை. பேங்க்ல உட்கார்ந்துதான் பணம் எண்ணித் தர்றாங்க. நானும் உட்கார்ந்துதான் வைத்தியம் பார்க்கிறேன், ஒரு நோயாளியும் கோவிச்சுக்கிட்டதில்லை. புடவை காட்டறவர் மட்டும் ஏன் நிக்கணும்? அப்படி நிக்கிறது நமக்குப் பிடிச்சிருக்குன்னு முதலாளிகள் நினைக்கிறாங்க. இல்லைன்னு நாம யாரும் இதுவரைக்கும் சொன்னதில்லை.

மாமாவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு வேட்டி எடுக்கப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் இருபது வயசு இருக்கும், ஒரு பொண்ணு. "உங்களுக்கு உட்கார ஸ்டூல் இருக்காம்மா?"ன்னு கேட்டேன்.

"இருக்கு சார்." காட்டுச்சு. ஸ்டூல் மேல கழுத்தளவுக்கு வேட்டிப் பெட்டி அடுக்கியிருந்துச்சு. பின்னாடி நின்ன சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்துட்டு, இந்தப் பக்கம் இருந்த இன்னொரு ஸ்டூலைக் கை காட்டி, "நீங்க உட்காருங்க சார்"னு சொல்லுச்சு.