பூமி பாயா? பந்தா?

இரண்யாட்சன் என்பவன் பூமியைப் பாயாகச் சுருட்டிக் கடலுக்குள் கொண்டுபோய் ஒளித்தான் என்பதாகப் புராணப் பிரசங்கிகள் இன்றும் கூசாமல் சொல்லி வருகின்றார்கள். பாயைச் சுருட்ட வேண்டுமானால் அதற்கு ஓரம் இருக்க வேண்டும். பூமியின் ஓரத்தைக் கண்டவர் இதுவரை எவரும் இல்லை. மேலே போய்ப் பார்த்தவர்கள் கண்டதோ ஓரமல்ல, வளைவு.

1935-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி, அமெரிக்காவில் தென் டக்கோட்டா மாகாணத்திலிருந்து ஸ்டீவன்ஸ், ஆண்டர்ஸன் என்னும் இரண்டு இராணுவ உத்தியோகஸ்தர்கள், ஹீலியம் வாயு நிரப்பிய "எக்ஸ்புளோரர் 2" என்ற பலூனின் கீழ்த் தொங்கிய உலோகக் கூண்டில் உட்கார்ந்து 72,395 அடி உயரம் சென்றார்கள். அவ்வுயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் 300 மைலுக்கும் அப்பால் இருக்கும். அவர்கள் எடுத்த படத்தில் அந்த அடிவானம் லேசாக வளைந்திருப்பது தெரிந்தது. பிறகு 1946-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி நியூ மெக்ஸிகோவிலிருந்து விடப்பட்ட வி-2 ராக்கெட்டில் வைத்த காமிரா, 65 மைல் உயரத்திலிருந்து அவ்வளைவை இன்னும் தெளிவாகப் பிடித்துக் கொடுத்தது.

"மலைமேல் ஏறினால் எங்களுக்கு ஏன் தெரியவில்லை?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பூமியின் குறுக்களவு சுமார் 7,900 மைல். கடற்கரையில் நிற்பவனுக்கு 3 மைல் தூரக் கடல்தான் தெரியும். தொட்டபெட்டாவின் 8,650 அடியும் போதாது. சுமார் 35,000 அடி உயரத்தில், மேகமில்லாமல், அகலப் பார்க்க இடமிருந்தால்தான் வளைவு கண்ணுக்குத் தட்டுப்படும். காமிராவின் கண்ணாடியே நேர்கோட்டை வளைத்துக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. ஆகவே படத்தைக் காட்டி "நம்பு" என்று நாம் சொல்லவில்லை, சோதித்துப்பார் என்கின்றோம். தூரம் போகும் கப்பலில் அடிப்பாகம் முதலிலும் பாய்மரம் பின்னாலும் மறைவதையும், சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் எப்போதும் வட்ட விளிம்போடு விழுவதையும் பார்ப்பதற்குப் பலூனும் வேண்டியதில்லை; காசும் வேண்டியதில்லை.

நிற்க, இது பஞ்சாங்கக்காரருக்குத் தெரியாத சங்கதியுமல்ல. பூமி உருண்டை என்றும், கிரகணம் என்பது நிழல் என்றும் ஆரியபட்டர் 499-ம் வருஷத்திலேயே எழுதிவிட்டார். கிரகணத்துக்கு நாழிகை குறிப்பது உருண்டைப் பூமியின் நிழலைக் கணக்கிட்டு. ஜனங்களுக்குச் சொல்லுவதோ பாம்பு விழுங்குகிறதென்று! கணக்கு அவர்களுக்கு, பாம்பு நமக்கு, தட்சணை மறுபடியும் அவர்களுக்கு. இது அறியாமையா, பிழைப்பா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பூமி உருண்டை என்று எழுதி மார்க்கு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கிரகணத் தீட்டுக்குத் தலை முழுகுகின்றார்கள். கர்ப்பிணிப் பெண்களைப் பட்டினியாக அறைக்குள் அடைத்து வைக்கின்றோம். அறிவு பரீட்சைக்கும் புளுகு வாழ்க்கைக்கும் என்றால், அந்தப் படிப்பினால் என்ன பிரயோஜனம்? அடுத்த சந்திர கிரகணத்தன்று வீட்டார் எல்லோரும், கர்ப்பிணிகள் உள்பட, சாப்பிட்டுவிட்டு வாசலில் வந்து நின்று அந்த நிழலைத் தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம்.