பழைய அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள்

1905 ஜனவரி 23. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த கிளாட்வின் டர்பட் என்ற மாணவர், கனத்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போட்லியன் நூலகத்துக்கு வந்தார். அது அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த புத்தகம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் திரட்டி 1623இல் லண்டனில் அச்சிட்ட ‘முதல் ஃபோலியோ’. அதன் அட்டை நைந்துபோயிருந்தது. எப்படிச் செப்பனிடலாம் என்று யோசனை கேட்கத்தான் அந்த இளைஞர் வந்திருந்தார்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்த துணை நூலகர் ஃபால்கனர் மேடன், அதை ஸ்ட்ரிக்லண்ட் கிப்சன் என்ற சக ஊழியரிடம் காட்டினார். பழைய பைண்டிங்குகளைப் படிப்பதில் கிப்சன் தேர்ந்தவர். அட்டையின் வெளி ஓரத்தில் ஓர் உலோகப் பட்டையை அறைந்திருந்த தழும்பு தெரிந்தது. அந்தக் காலத்து நூலகங்களில் பெரிய புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்துவைப்பார்கள். முதுகு உள்ளே போய், தாள்களின் ஓரம் வெளியே தெரியும்படி புத்தகம் நிற்கும். சங்கிலி மாட்டும் இடம் அட்டையின் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ஆக, இந்தப் புத்தகம் எப்போதோ ஒரு நூலகத்தில் சங்கிலியில் கிடந்திருக்கிறது. அட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தாளோ வேறொரு பழைய அச்சு நூலிலிருந்து கழித்த தாள். அதே மாதிரிக் கழிவுத் தாளை ஒட்டிக் கட்டிய புத்தகம் போட்லியனிலேயே இருந்தது.

மீதிக் கதையை நூலகத்தின் பழைய ஏடுகள் சொல்லின. 1624 பிப்ரவரி 17 அன்று வில்லியம் வைல்ட்கூஸ் என்ற உள்ளூர் பைண்டரிடம் கொடுத்த புத்தகங்களில் இந்த ஃபோலியோவும் ஒன்று. பிறகு 1660களில் மூன்றாவது ஃபோலியோ வந்து சேர்ந்ததும், பழையது எதற்கு என்று வேண்டாத புத்தகங்களோடு சேர்த்து விற்றுவிட்டார்கள். அந்த மொத்தக் கட்டுக்கும் கிடைத்தது 24 பவுண்டு. ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழித்து, அதே பிரதி பழுது பார்க்கவென்று சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றது.

செய்தி பரவியதும் அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபோல்ஜர் 3,000 பவுண்டு தருவதாகச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு முதல் ஃபோலியோவுக்கு யாரும் கேள்விப்பட்டிராத விலை. டர்பட் குடும்பம் பெருந்தன்மையோடு போட்லியனுக்கு முதல் வாய்ப்பும் அவகாசமும் தந்தது. நூலகம் பொதுமக்களிடம் கையேந்தியது. 1906 மார்ச் இறுதிக்குள் பணம் சேர்ந்தது. 24 பவுண்டு கட்டோடு போன புத்தகத்தை 3,000 பவுண்டு கொடுத்து மீட்டார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது பணம் அல்ல. இடைப்பட்ட காலத்தில் டர்பட் குடும்பத்தில் யாராவது ஒருவர், நல்லெண்ணத்தோடு, அந்த நைந்த தோலை உரித்தெறிந்துவிட்டுப் பளபளக்கும் சிவப்புத் தோலில் தங்கப் பூ வேலையோடு புது பைண்டிங் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சங்கிலித் தழும்பும் போயிருக்கும், உள்ளே ஒட்டிய தாளும் போயிருக்கும். அந்தப் பிரதி யாருடையது என்று எந்த நிபுணராலும் சொல்லியிருக்க முடியாது. பல முதல் ஃபோலியோக்களுக்கு 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அதுதான் நடந்தது. அழகாக இருக்கின்றன. ஆனால், முதல் இருநூறு ஆண்டுகள் எங்கே இருந்தோம் என்பதைச் சொல்லும் வாயை அவை இழந்துவிட்டன. போட்லியன் தன் பிரதிக்குப் புது அட்டை போடவே இல்லை. பின்னாளில் அதை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியபோதும், உதிரும் இடங்களை மட்டும் நிலைப்படுத்திவிட்டு மற்றதை அப்படியே விட்டார்கள்.

‘அசல் பைண்டிங்’ என்ற சொல்லே பலரைக் குழப்புகிறது. இன்று ஒரு நூலின் ஆயிரம் பிரதிகளும் ஒரே அட்டையில் வருகின்றன. இங்கிலாந்தில் 1820கள் வரை அப்படியில்லை. அச்சகத்திலிருந்து வருவது மடித்த தாள்கள்தான். கடைக்காரர் சாதாரணக் காகித அட்டையில் தற்காலிகமாகத் தைத்து விற்பார். வாங்கியவர் தன் வசதிக்கு ஏற்பத் தோலில் கட்டிக்கொள்வார். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813இல் மூன்று பாகங்களாக, அப்படிப்பட்ட காகித அட்டையில், 18 ஷில்லிங் விலைக்கு வந்தது. அந்த அட்டை நிலைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பெரும்பாலோர் கிழித்தெறிந்தார்கள். அதனால்தான் அந்தச் சாதாரணக் காகித அட்டையோடு தப்பிய பிரதிக்கு, அழகிய தோலில் கட்டிய பிரதியைவிடக் கூடுதல் மதிப்பு. பதிப்பாளரே துணி பைண்டிங் போட்டு விற்கும் பழக்கம் அதன் பிறகு வந்தது. 1859 நவம்பரில் வெளியான டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் பதிப்பு 1,250 பிரதிகள் பச்சைத் துணி அட்டையில் வந்தவை. அந்தப் பச்சைத் துணி போன பிரதியும் முதல் பதிப்புதான். ஆனால், விலையில் இரண்டும் ஒன்றல்ல.

சரி, கையில் இருக்கும் பழைய புத்தகத்தின் அட்டை அதனோடு பிறந்ததா, பின்னால் வந்து ஒட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சன்னல் வெளிச்சமும் பொறுமையும் போதும்.

புத்தகத்தைத் துளைக்கும் பூச்சிக்குத் தமிழில் இராமபாணம் என்று பெயர் உண்டு. ஏழு மராமரங்களையும் ஒரே அம்பு துளைத்ததுபோல, அது அட்டையில் புகுந்தால் தாள் தாளாகத் துளைத்துக்கொண்டே போகும். முதல் பத்துத் தாள்களில் ஓட்டை இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் ஓட்டை இல்லை. அப்படியென்றால் பூச்சி தின்ற காலத்தில் அங்கே வேறு அட்டை இருந்திருக்கிறது. தோல் அட்டையின் மடிப்பு, எதிரே உள்ள வெற்றுத் தாளின் ஓரத்தில் பழுப்புச் சட்டம்போலக் கறையை இறக்கும். நெடுங்காலம் மூடியே கிடந்தால்தான் அந்தக் கறை வரும். கறை ஓர் அளவிலும் மடிப்பு வேறோர் அளவிலும் இருந்தால், அட்டை மாறியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்தது ஓரம். ஒவ்வொரு முறை பைண்டிங் போடும்போதும் பைண்டர் மூன்று பக்கமும் வெட்டிச் சமன்செய்வார். பக்கத் தலைப்பு மேலே பாதி அறுபட்டிருந்தாலோ, பழைய வாசகர் ஓரத்தில் எழுதிய குறிப்பு பாதிச் சொல்லில் நின்றாலோ, அந்தப் புத்தகம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வெட்டுப்பட்டிருக்கலாம். கடைசியாக, தாள்கள் சேரும் மடிப்பை மெல்ல விரித்துப் பார்க்க வேண்டும். இப்போதைய தையலோடு சம்பந்தமில்லாத பழைய ஊசித் துளைகள் தென்பட்டால், அது ஒரு காலத்தில் மெல்லிய மேலுறையோடு தனித்தனிப் பகுதிகளாக விற்றதாக இருக்கலாம். டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836 ஏப்ரல் முதல் 1837 நவம்பர் வரை அப்படித்தான், மாதம் ஒரு ஷில்லிங்குக்கு, பச்சைக் காகித உறையில் வந்தது.

அட்டைக்கு உள்ளேயும் வரலாறு ஒளிந்திருக்கும். எகிப்தின் நாக் ஹமாதியில் 1945இல் கிடைத்த பழைய சுவடிகளின் தோல் அட்டைகளை விறைப்பாக்க, கழித்துப்போட்ட பாப்பிரஸ் தாள்களைத் திணித்திருந்தார்கள். ஓர் அட்டைக்குள் இருந்த ரசீதுகளில் பொ.ஆ. 341, 346, 348 என்று தேதிகளே இருந்தன. அந்தக் கட்டு அதற்குப் பிந்தியதுதான் என்பது அப்படித்தான் உறுதியானது. சுவடியின் வாசகத்தை எத்தனை முறை படித்தாலும் கிடைத்திராத செய்தி இது.

மதிப்பு இருக்கும் இடத்தில் மோசடியும் வரும். 19ஆம் நூற்றாண்டில் தியோடர் ஹாகே என்ற கைதேர்ந்த பைண்டர், மறுமலர்ச்சிக் கால அரசர்களின் நூலகத்திலிருந்து வந்தவை போலவே அட்டைகளைப் புதிதாகச் செய்து பழைய நூல்களுக்குப் போட்டார். ஜான் பிளாக்கர் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் அவற்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிக் குவித்தார். அவர் இறந்த பிறகு 1897இல் ஏலம் விட்டபோது, கொடுத்ததில் மிகச் சிறு பங்குதான் திரும்பி வந்தது. அட்டையின் அழகைப் பார்த்துப் பணம் கொடுப்பவர் ஏமாறுவார். அட்டையும் தாளும் ஒரே வாழ்க்கை வாழ்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நூறு வருஷப் புத்தகம், லட்சம் பெறும்’ என்று வீட்டில் பேசிக்கொள்வது வழக்கம். வயது மட்டும் விலையைத் தருவதில்லை. பலரும் வாங்கிப் பலரும் பாதுகாத்த பழைய சமய நூல்களும் சட்ட நூல்களும் இருநூறு வயதிலும் மலிவாகவே கிடைக்கின்றன. எது அரிது, எந்தப் பதிப்பு, யார் கையில் இருந்தது, எந்த நிலையில் தப்பியது என்பவை எல்லாம் சேர்ந்துதான் மதிப்பு. அந்த நிலையில் அட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. 1925இல் வந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ முதல் பதிப்பு, மேலுறை இல்லாமல் சில ஆயிரம் டாலருக்குப் போகும்; நல்ல மேலுறையோடு லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. ஒற்றைக் காகிதம் செய்யும் வேறுபாடு இது. 2012இல் பிரிட்டிஷ் நூலகம் 90 லட்சம் பவுண்டு கொடுத்துப் புனித கத்பர்ட் நற்செய்தி என்ற சிறு சுவடியை வாங்கியது. ஐரோப்பாவில் குலையாமல் தப்பிய மிகப் பழைய பைண்டிங், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் செந்நிறத் தோல் அட்டை, அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பழைய புத்தகத்துக்கு மரியாதை செய்வதென்றால் பைண்டிங் போடுவது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். நூலகங்களிலும் வீடுகளிலும் நடப்பது ஒன்றுதான். மேலுறையைக் கிழிப்பது, கட்டிங் மிஷினில் மூன்று பக்கமும் வெட்டுவது, மைதாப் பசை தடவிக் கெட்டி அட்டையும் காலிகோ துணியும் ஒட்டுவது. வெளியே வரும்போது 1880ஆம் ஆண்டுப் புத்தகமும் 1980ஆம் ஆண்டுப் புத்தகமும் ஒரே சாயலில் இருக்கும். பழைய தமிழ் நூல்களின் மெல்லிய மேலுறையில் என்னென்ன இருந்தன என்று பார்த்தவர்களுக்குத்தான் இதன் இழப்பு புரியும். விலை எத்தனை அணா, எந்தத் தெருவில் எந்தக் கடையில் கிடைக்கும், அதே பதிப்பாளரின் மற்ற நூல்கள் எவை என்பதையெல்லாம் பல நேரம் அந்த உறைதான் சொல்லும். முகப்புத் தாளுக்கு முந்திய வெற்றுத் தாளில் உடையவரின் கையெழுத்து இருக்கும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்திலிருந்து 2005இல் காணாமல்போன, 1715இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ் புதிய ஏற்பாடு, 2022இல் லண்டனில் இருப்பது தெரியவந்தது. அது சரபோஜி மன்னரின் கையொப்பம் உள்ள பிரதி. கையொப்பம் உள்ள தாளைக் கிழித்துவிட்டால் திருட்டுக்கு எதிரான சாட்சியும் போய்விடும்.

வாசகர்களே போட்ட பைண்டிங்கும் இருக்கிறது. அதன் கதையே வேறு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது, வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் ஓவியங்களோடு சேர்த்துத் தைத்து வைத்தார்கள். கோணல் தையலும் பழைய காலண்டர் அட்டையுமாக இருக்கும் அந்தக் கட்டுகளை ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று பிரித்துப் புதிதாகக் கட்டுகிறவர்கள் உண்டு. செய்யக் கூடாத வேலை அது. ஒரு தலைமுறை எப்படிப் படித்தது, எதைப் பத்திரப்படுத்தியது என்பதற்கு அந்தக் கோணல் தையலைவிட நல்ல ஆதாரம் இல்லை. அந்த வகையில் அதுதான் அசல் பைண்டிங்.

‘எல்லாவற்றையும்தான் ஸ்கேன் செய்துவிட்டோமே’ என்று ஒரு பதில் வருகிறது. ஸ்கேன் வாசகத்தைக் காப்பாற்றும்; அது பெரிய தொண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், தையல் துளையையும் தோலின் கறையையும் அட்டைக்குள் திணித்த தாளையும் அது காட்டாது. ‘வாசகர் கையில் புழங்கும் புத்தகம் தாங்க வேண்டாமா?’ என்பது இன்னொரு கேள்வி. நியாயமானதுதான். வாரம் நான்கு பேர் எடுத்துப்போகும் நாவலுக்குக் காலிகோ போடட்டும். 1950க்கு முந்திய நூலுக்கு அந்த அவசியம் இல்லை. அதை அளவாகச் செய்த கெட்டி அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும். செலவும் பெரிதாக ஆகாது. நம் பொது நூலகங்கள் இதை ஒரு விதியாகவே எழுதிவைக்க வேண்டும். பழைய நூல்களின் பட்டியலில் பைண்டிங் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

வீட்டில் தாத்தாவின் அலமாரியைத் திறக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதையும் ஒட்டுவதற்கு முன்னால் முன் அட்டை, பின் அட்டை, முதுகு, உள்தாள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அட்டை கழன்றிருந்தால் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டிவையுங்கள். பைண்டரிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஓரம் வெட்ட வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். கழற்றிய பழைய அட்டையை மறக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள்.