பெரிய டாக்டரை அழைத்ததற்கு மெமோவா?

காய்ச்சல், காலில் ஆறாத புண். என் சித்தியின் ஓ.பி. சீட்டில் எழுதியிருந்தது அவ்வளவுதான். பத்து வருடச் சர்க்கரை நோயாளி. இரவு பதினொரு மணிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவரைப் பச்சைப் பிரிவு என்று குறித்து ஓரமாகக் கிடத்தினார்கள். தமிழக அரசின் ‘தாய்’ அவசர சிகிச்சைத் திட்டத்தில் வந்த பிரிப்பு இது. சிவப்பு என்றால் உடனடி சிகிச்சை, மஞ்சள் அடுத்தது, பச்சை காத்திருக்கலாம். விபத்தில் அடிபட்ட இருவர் சிவப்பில் இருந்ததால் மருத்துவர்கள் அங்கே நின்றார்கள்.

“ஒண்ணுமில்ல, தூக்கம்தான் வருது” என்றார் சித்தி. ட்ரிப்ஸ் மாட்ட வந்த சிஸ்டர் அந்தத் தூக்கத்தை நம்பவில்லை. சித்தியின் நெஞ்சைப் பார்த்தபடி கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம் எண்ணினார். மூச்சு 28. பி.பி.யின் மேல் அளவு 88. நாடி 118. கை கால் சில்லிட்டிருந்தது. என்னைக் காட்டி “இது யாரும்மா?” என்று கேட்டார். இறந்துபோன சித்தப்பாவின் பெயரைச் சொன்னார் சித்தி.

“சார், இது பச்சை இல்ல சார். செப்சிஸ் மாதிரி இருக்கு. பெரிய டாக்டரக் கூப்பிடுங்க.”

“ஒரு பாட்டில் ஏறட்டும் சிஸ்டர், பார்க்கலாம்” என்றார் பயிற்சி மருத்துவர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். படிப்பு முடித்துச் சில மாதங்களே ஆன பிள்ளை. அத்தனை நோயாளிகளையும் அவர் தலையில் ஏற்றி வைத்தவர்கள் வேறு யாரோ. சிஸ்டர் இரண்டாவது முறையும் சொல்லிப் பார்த்தார். பிறகு தானே போனை எடுத்தார். இருபது நிமிடத்தில் பெரிய மருத்துவர் வந்தார். ரத்தம் எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் ஏறியது, ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். நான்காம் நாள் சித்தி கஞ்சி கேட்டார்.

அதே நான்காம் நாள்தான் சிஸ்டருக்கு மெமோ வந்தது. டூட்டி டாக்டரைத் தாண்டி மேலே அழைத்தது ஏன் என்று விளக்கம் எழுதித் தரவேண்டுமாம்.

கிருமித் தொற்றை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு தன் உறுப்புகளையே சிதைக்கத் தொடங்குவதுதான் செப்சிஸ். பி.பி. இறங்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் வழிமுறை. ஆபத்தை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் முறை ஒன்றை லண்டன் ராயல் மருத்துவர்கள் கல்லூரி 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்தியது. மொத்தம் 7 வந்தாலே அவசர நிலை. சித்தியின் மூச்சு, பி.பி., நாடி, குழப்பம் நான்குக்கும் சேர்த்தே 11 வருகிறது. இதைக் கணக்கிட இயந்திரம் தேவையில்லை. கட்டிலருகே நின்று பார்க்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

அந்த ஆள்தான் இங்கே குறைவு. கற்பிக்கும் மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அன்றிரவு அந்தக் கூடத்தை இரண்டே சிஸ்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். போனை எடுத்தவர் ஒப்பந்தப் பணியாளர். இன்னும் நிரந்தரம் ஆகாதவர் மேலே ஒருவரை அழைக்கும்போது, வேலையையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

இப்படி அழைப்பதை விதியாகவே ஆக்கிய நாடும் உண்டு. இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021இல் செப்சிஸால் இறந்தாள். முன்பே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது விசாரணை. பெற்றோர் போராடினார்கள். 2024 முதல் அங்கே ‘மார்த்தா விதி’ படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நோயாளி மோசமாகிறார் என்று தோன்றினால் குடும்பத்தாரோ ஊழியரோ எந்த நேரமும் தீவிர சிகிச்சைக் குழுவை நேரடியாக அழைக்கலாம்.

நம் சுகாதாரத் துறையும் இப்படி ஓர் அரசாணை போடவேண்டும். மூச்சும் பி.பி.யும் எந்த அளவைத் தாண்டினால் செவிலியர் நேரடியாக மூத்த மருத்துவரை அழைக்கலாம் என்று அதில் எழுதவேண்டும். அப்படி அழைத்தவர்மீது நடவடிக்கை கிடையாது என்ற வரியும் வேண்டும். அழைக்கவேண்டிய எண்ணை ஒவ்வோர் அவசரப் பிரிவுச் சுவரிலும், எங்களைப் போன்றவர்களும் படிக்கும்படி தமிழில் ஒட்டவேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பி, ஒப்பந்தத்தில் இருப்பவர்களை நிரந்தரமாக்கவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பு அந்த மெமோவைத் திரும்பப் பெறவேண்டும்.

காலுக்குக் கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் சித்தி அவசரப் பிரிவு வாசலில் நின்று அந்த சிஸ்டரைத் தேடுகிறார். அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.